புறவாசல் கோரை

தூத்துக்குடி,
14-10-1945

கர்த்தருக்குள் அன்பான தம்பி தேவபிரசாதத்துக்கு,

அக்கா பிளாரன்ஸ் எழுதுவது. நான் சுகம். நீயும் ஜீவமணியும் குழந்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நீ இங்கே தண்ணீர் ஆபீஸ் வேலையை விட்டு மதுரைக்குப் போய் மூன்று மாதமாகிறது. ஓட்டல் சாப்பாடு இல்லாமல் ஜீவமணி கையால் சாப்பிடுவதே பெரிய காரியம்.

இங்கே புறவாசல் பழைய கதைதான். அடுக்களைக்குப் பின்னால் சந்துப் பக்கத்துச் சுவரோரம் தரைக்கடியில் குழாய் கசிகிறதல்லவா, அது இப்போது கிணற்றடி வரைக்கும் சொதசொதவென்று பரவிவிட்டது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. ஒன்றரை வருடத்தில் ஐந்து மனு எழுதி உன் கையில் கொடுத்தேன். நீ அந்த ஆபீஸிலேயே இருந்தும் ஒரு ஆள் மண்வெட்டியோடு வரவில்லை. ஊரில் பாதிப்பேர் தெருக்குழாயில் குடத்தோடு நிற்கிறார்கள். இங்கே ஆற்றுத் தண்ணீர் மண்ணுக்குள் வீணாய்ப் போகிறது. 

போகிற தண்ணீர் எதற்காவது உதவட்டும் என்று ஒரு வேலை செய்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா செல்லத்தாய்க்கு ஏரல் பக்கம் ஆற்றங்கரையில் ஊர். அவள் ஒரு சாக்கு நிறையப் பாய்க்கோரைக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். "டீச்சர், இது சேத்துல சும்மா போட்டாலும் வந்துரும். ஆனா தண்ணி மட்டும் நிக்காம வேணும்" என்றாள். "அதற்கு இங்கே குறைவில்லை" என்றேன். இரண்டு பேருமாய் மண்ணைக் கொத்தி, அடுப்புச் சாம்பல் கலந்து, சாணுக்கு ஒரு கிழங்காக ஊன்றினோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வெறுந்தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். கைத்தொழில் வகுப்பில் பெரிய பிள்ளைகளை வைத்து அவர்களுக்குப் பாய் முடையலாம் என்று எண்ணம்.

குழந்தைக்கு இருமல் தீர்ந்ததா என்று எழுது.

அன்புள்ள அக்கா,
பிளாரன்ஸ்


மதுரை,
6-11-1945

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தேவகிருபையால் நாங்கள் சுகம். குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது. இங்கே மழை சரியாக இல்லை. ரேஷன் அரிசியில் கல்லைப் பொறுக்கியே ஜீவமணிக்குக் கண் வலிக்கிறது.

கோரையெல்லாம் எதற்கு அக்கா? பாம்பு அடையும். நல்ல கடல் மணலாக இரண்டு வண்டி அடித்து அந்த இடத்தை மூடிவிடுங்கள், ஈரம் தெரியாது. தூத்துக்குடி ஆபீஸில் இப்போது ஆள் பற்றாக்குறை. நீங்கள் மேற்கொண்டு மனு எதுவும் எழுத வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
தேவபிரசாதம்


தூத்துக்குடி,
20-1-1946

அன்பான தம்பிக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகந்தானே?

கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று ஒரு கார்டு போட்டாய், சரி. வட்டலப்பம் செய்து வைத்துவிட்டு நானும் செல்லத்தாயும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மணல் அடிக்கவில்லை. கசிவை மணல் போட்டு மூடினால் கசிவு இல்லாமல் போய்விடுமா? கோரை நன்றாக வந்திருக்கிறது. கிணற்றடிப் பக்கம் உப்புத் தண்ணீர் ஏறுகிற இடத்தில் ஊன்றியதெல்லாம் நுனி கருகிவிட்டது. சுவரோரம், கசிகிற இடத்தில், இடுப்பு உயரம் நிற்கிறது. செல்லத்தாய் வாரம் ஒரு தடவை வந்து களை எடுக்கிறாள். முத்தக்காசுக் களையும் இதே சாடையில் முளைப்பதால் நான் எடுத்தால் கோரையைப் பிடுங்கிவிடுகிறேன்.

இன்னொன்று. அடுத்த வாரம் நானே தண்ணீர் ஆபீஸுக்கு நேரில் போவதாக இருக்கிறேன். ஐந்து மனுவும் எந்த மேஜையில் தூங்குகின்றன என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்குத் தினமும் பதில் சொல்கிறவள் நான். எனக்கு ஒரு பதில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லையா?

அக்கா,
பிளாரன்ஸ்


மதுரை,
22-1-1946

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகத்திற்கு எழுதவும். கடிதம் கண்டவுடன் எழுதுகிறேன். தயவுசெய்து நேரில் போக வேண்டாம். அங்கே புதிதாக வந்திருப்பவர்கள் பெண்களிடம் மரியாதையாகப் பேசமாட்டார்கள். நானே அவர்களுக்கு விவரமாக எழுதியிருக்கிறேன். ஆள் வருவார்கள். அதுவரை பொறுத்திருங்கள்.

தம்பி,
தேவபிரசாதம்


தூத்துக்குடி,
9-8-1946

அன்பான தம்பிக்கு,

நான் சுகம் என்று எழுத வேண்டும், ஆகையால் எழுதுகிறேன். உங்கள் சுகத்தையும் எழுதுங்கள். தபால்காரர்கள் வேலைநிறுத்தம் முடிந்து நான் எழுதுகிற முதல் கடிதம் இது. கடிதம் போட வழியில்லாமல் இத்தனை நாள் மனதுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூலை மாதம் கோரையை அறுத்தோம். என் தலைக்கு மேல் ஒரு முழம் வளர்ந்திருந்தது. அடியோடு சேர்த்து அறுத்து, நீளம் பார்த்துப் பிரித்து, பச்சையாக இருக்கும்போதே ஒவ்வொரு தண்டையும் இரண்டாகக் கீறி வெயிலில் போட்டோம். பனி பட்டால் கறுத்துவிடும் என்று சாயங்காலம் அள்ளி உள்ளே வைத்து, காலையில் மறுபடி விரித்து, நான்கு நாள். வீடு முழுக்க ஆற்றங்கரை வாசம். கற்றாழை நாரை நீளவாட்டில் பாவாக இழுத்துக் கட்டி, என் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பாய் முடைந்தார்கள். ஓரம் கோணலாக இருந்தாலும் பாய்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் உட்கார மாட்டோம், அழுக்காகிவிடும் என்று சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களை உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த வாரமே தண்ணீர் ஆபீஸ் ஓவர்சியர் வந்தார். ஆறுமுகநயினார் என்று பெயர். நீ வேண்டாமென்றதால் நானும் ஆபீஸுக்குப் போகாமலே இருந்தேன்; கடைசியில் அவர்களே கசிவைப் பார்க்க வந்துவிட்டார்களே என்று நாற்காலி எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. வெட்டிய கட்டைக்கு மேல் மறுபடி துளிர்த்து நிற்கிற கோரையைப் பார்த்தார்.

"டீச்சர், இந்தத் தெருவுல வேப்பமரமே வாடிக் கெடக்கு. இங்கன மட்டும் என்ன இம்புட்டுப் பச்சை?"

"உங்க குழாய் கசியுது. அதான் பச்சை."

"குடிக்கத் தண்ணியில்லாம ஊரு நிக்கி. நீங்க குடிதண்ணியில வெள்ளாமை பண்ணுதிய."

தம்பி, என் வாழ்நாளில் என்னை ஒருவர் திருடி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "அஞ்சு மனு குடுத்திருக்கேன். சுவர் இடிஞ்சு விழப்போகுதுன்னு அஞ்சு தடவை எழுதியிருக்கேன். வந்தியளா? இப்ப புல்லு முளைச்சதும் வாரிய" என்றேன்.

"ஒரு மனுவும் வரலையே டீச்சர்" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். எனக்கு அதுவே இன்னும் ஆத்திரமாக இருந்தது. மறுநாள் நோட்டீஸ் வந்துவிட்டது. பொதுக்குழாயில் தண்ணீர் எடுத்துப் பயிர் செய்ததற்கு, செப்டம்பர் 16-ந் தேதி திங்கட்கிழமை ஆபீஸில் ஆஜராகிச் சமாதானம் சொல்ல வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறார்கள். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை கைத்தொழில் வகுப்பை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். பாய்களைச் சுருட்டி அலமாரிமேல் போட்டாயிற்று. பிள்ளைகள் பழையபடி தரையில்.

நீதான் மனுக்களை உன் கையால் கொடுத்தவன். எந்தெந்தத் தேதி, யாரிடம் கொடுத்தாய், பதிவு நம்பர் என்ன, எல்லாம் உடனே எழுது. அதை அவர்கள் மேஜையில் வைத்துவிட்டு, என்னைத் திருடி என்று சொன்ன வாயால் மன்னிப்புக் கேட்க வைக்காமல் விடமாட்டேன்.

அக்கா,
பிளாரன்ஸ்


தூத்துக்குடி,
25-8-1946

தம்பிக்கு,

சுகம். பதினாறு நாளாயிற்று, பதில் இல்லை. மதுரையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிற கடிதமெல்லாம் இரண்டு நாளில் வருகிறது. உடம்புக்கு ஏதாவதா? ஜீவமணியாவது ஒரு வரி போடக்கூடாதா? எனக்கு வேண்டியது ஐந்து தேதிகள். வேறொன்றும் கேட்கவில்லை.

பிளாரன்ஸ்


மதுரை,
29-8-1946

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். வேலைநிறுத்தக் குழப்பத்தில் உங்கள் கடிதம் தாமதமாகக் கிடைத்தது. மன்னிக்கவும். எனக்கும் இங்கே வேலை நெருக்கடி. அடுத்த மாதம் என் உத்தியோகத்தை நிரந்தரம் பண்ணுவது பற்றிப் பெரிய அதிகாரி முடிவு சொல்கிறார்.

மனு தேதியெல்லாம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. பழைய பதிவேடுகளைத் தேடுவதும் நடக்காத காரியம். வழக்கு வம்பு என்று போக வேண்டாம் அக்கா. கோரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். பெண்பிள்ளை, டீச்சர், அவர்களும் மனிதர்கள்தானே.

வீட்டுக் குழாயைப் பற்றி ஏதாவது கேட்டால், அது அப்பா காலத்தில் வைத்தது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள். அப்பா இல்லை, அவருக்கு இனி ஒரு கஷ்டமும் வரப்போவதில்லை.

குழந்தை இப்போது நடக்கிறாள்.

தம்பி,
தேவபிரசாதம்


தூத்துக்குடி,
1-9-1946

தேவபிரசாதத்துக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் எழுதியது புறவாசல் கசிவைப் பற்றி. வீட்டுக் குழாயைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஓவர்சியரும் கேட்கவில்லை. நோட்டீஸிலும் இல்லை. நீ ஏன் எழுதினாய்?

இதுவரை எழுதி வைத்துவிட்டு நேற்று நேரே ஆறுமுகநயினாரிடம் போனேன். நீ சொன்னதற்கு மாறாக, ஒருவரும் மரியாதைக்குறைவாகப் பேசவில்லை. எங்கள் தெருவில் குழாய் இணைப்பு உள்ள வீடுகளின் பதிவைக் காட்டச் சொன்னேன். அவர் தயங்கினார். "டீச்சர், இத நீங்க பாக்காம இருக்கதே நல்லது" என்றார். பார்த்தேன். தெருவில் மூன்று வீடுகள். நம் வீடு அதில் இல்லை.

அடுக்களையில் நான் தினமும் திறக்கிற குழாய் யாருடையது? 1943-ல் அம்மா படுக்கையில் கிடந்தபோது, நான் ஆண்டு லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தக் குழாய் வந்திருந்தது. "ஆபீஸில் இருப்பதால் சீக்கிரம் கிடைத்தது அக்கா" என்றாய். நானும் தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அந்த இணைப்புத்தான் சுவரோரம் கசிகிறது. கசிவைப் பார்க்க ஆள் வந்து தோண்டினால் இணைப்பு வெளியே வரும். ஆகையால் என் மனுக்கள் ஆபீஸ் வாசலைக்கூடப் பார்க்கவில்லை. நான் சொல்வது பொய் என்றால் எழுது. மண்டியிட்டு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவர் என்னைத் திருடி என்றார். அவரை வாசலில் நிற்க வைத்துக் கத்தினேன். தெருவே கேட்டது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்று தெரியாமல் கத்தினேன். மூன்று வருடமாக என்னை அறியாமலே என்னைத் திருடியாக்கி, அதற்குமேல் என் கையாலேயே நியாயம் கேட்டு ஐந்து மனுவும் எழுத வைத்து, அதை வாங்கி மடித்து, "கொடுத்துவிட்டேன் அக்கா" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கு எப்படி முடிந்தது?

அதையாவது பொறுத்துக்கொள்வேன். அப்பா பெயரைச் சொல்லச் சொன்னாயே. சாத்தான்குளத்தில் அப்பா உபதேசியாராக இருந்தபோது, கோடைகாலத்தில் ஆலயத்துக் கிணற்றில் நம் வீட்டுக்கு இரண்டு குடத்துக்குமேல் எடுக்கக்கூடாது என்று அம்மாவோடு சண்டை போட்டவர். 1938-ல் அடக்கம் பண்ணினோம். ஐந்து வருடம் கழித்துக் கல்லறையிலிருந்து எழுந்து வந்து குழாய் வைத்தாரா? இனி அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இருக்கிறது. நான் உயிரோடிருக்கிறேன்.

16-ந் தேதி நான் பொய் சொல்லப்போவதில்லை. அதற்குமுன் நீ செய்ய வேண்டியதைச் செய்.

பிளாரன்ஸ்


மதுரை,
8-9-1946

மதிப்பிற்குரிய மதினிக்கு,

ஜீவமணி வணக்கத்துடன் எழுதுவது. குழந்தை சுகம். மற்றபடி வீட்டில் சுகம் என்று எழுதினால் பொய்யாகும்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து உங்கள் தம்பி அவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டதற்குக் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் திண்டுக்கல் ரோடு பக்கம் நடக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்ததும், "இதெல்லாம் நெசமா?" என்று கேட்டேன். தலையசைத்தார்கள். "அந்த மனுவெல்லாம் எங்க?" என்றேன். டிரங்குப் பெட்டியைக் காட்டினார்கள். கல்யாணச் சட்டைக்கு அடியில் ஐந்தும் இருந்தன, பிரிக்காமல். ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டதற்கு, "அக்கா எழுத்து" என்று மட்டும் சொன்னார்கள்.

மதினி, அவர்களுக்கு வேலை நிரந்தரமாகப் போகிற மாதம் இது. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களைக் கெஞ்சி ஒரு கடிதம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது, நீங்கள் பள்ளிக்கூடத்தில் தலைகுனிந்து நிற்பதை நினைத்து அதைக் கிழித்துவிட்டேன்.

ஐந்து மனுவையும் இத்துடன் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். அவர்களுக்குத் தெரியாமல் அனுப்பவில்லை. முன்னால் வைத்தே நூல் சுற்றிக் கட்டினேன். பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஜீவமணி


தூத்துக்குடி,
17-9-1946

தேவபிரசாதத்துக்கு,

உன் சுகத்தை ஜீவமணியிடம் கேட்டுக்கொள்கிறேன். இது நேற்று நடந்ததைச் சொல்வதற்கு எழுதுவது. மற்றவர்கள் மூலம் உனக்குத் தெரியக்கூடாது.

மனுக்கள் வந்தன. உன் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும் என்று உறையைக் கிழித்து உதறிப் பார்த்தேன். இல்லை.

காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி வயதானவர். ஐந்து மனுவையும் மேஜைமேல் வைத்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதுல எங்க ஆபீஸ் முத்திரை இல்லையே அம்மா" என்றார்.

"இருக்காது. இங்க வந்து சேரவே இல்ல. வழியில நின்னுபோச்சு."

வீட்டுக் குழாயைப் பற்றி நானே சொன்னேன். பதிவில் இல்லாத இணைப்பு, மூன்று வருடம் அதில் தண்ணீர் பிடித்திருக்கிறேன், இந்த மாதம் வரை எனக்குத் தெரியாது என்று. பக்கத்திலிருந்த குமாஸ்தா உன்னோடு வேலை பார்த்தவர் போலிருக்கிறது. "டீச்சரோட தகப்பனார் காலத்துல வச்சதா இருக்கும் சார். பெரியவரு இப்ப இல்ல" என்று எடுத்துக் கொடுத்தார். அதிகாரியும் பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

"இல்ல. என் தம்பி தேவபிரசாதம் வச்சான். அப்ப இந்த ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தான். இந்த மனுவையும் அவன்தான் குடுக்காம வச்சிருந்தான்" என்றேன்.   

அவர்களையும் விடவில்லை. "மூணு வருஷமா உங்க தண்ணி என் வீட்டுக்குள்ள ஓடியிருக்கு, ரெண்டரை வருஷமா மண்ணுக்குள்ள ஓடியிருக்கு. உங்க ஆள் எங்க சந்து வழியா மாசம் ஒரு தடவை நடக்கான். கோரை சுவருக்கு மேல எட்டிப் பாத்த பிறகுதான் உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.  ஆறுமுகநயினார் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது வாஸ்தவந்தான் சார்" என்றார்.

பயிர் செய்ததாகச் சொன்ன குற்றத்தைத் தள்ளிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே எழுதுவதாகச் சொன்னார் அதிகாரி. குழாயைச் சாயங்காலமே வெட்டிவிட்டார்கள். சுவரோரம் இடுப்பளவு தோண்டியதில் கோரை பாதி போயிற்று. மீதியும் ஈரமில்லாமல் இந்த மாதத்துக்குள் காய்ந்துவிடும். இன்று காலை தெருக்குழாயில் குடத்தோடு நின்றேன். எனக்கு முன்னால் பதினேழு பேர். ஒருத்தி, "டீச்சர், நீங்க முன்னால போங்க" என்றாள். போகவில்லை.

உன் மதுரை ஆபீஸுக்கு அவர்கள் எழுதப்போகிறார்கள். எழுத வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்கவில்லை.

பிளாரன்ஸ்


மதுரை,
24-9-1946

அக்காவுக்கு,

நாங்கள் சுகமாயிருக்கிறோம். உங்கள் கடிதம் வந்த அன்றே, ஆபீஸ் காகிதம் வருவதற்குமுன், நானே பெரிய அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். வேலை போகவில்லை. நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிவைக்கப்பட்டது. ஜீவமணி, "சரி, ஒரு வருசந்தான?" என்றாள். அதன்பிறகு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

உங்களுக்கு ஒரு வரி எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். இப்போது எழுதுகிறேன்.

அந்த வருடம் நீங்கள் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒருநாள் நான் தெருக்குழாயில் நின்று திரும்ப இரண்டு மணி நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் அம்மா கட்டிலில் இல்லை. நகர்ந்து நகர்ந்து அடுக்களைவரை போய், காலிக் குடத்தைக் கவிழ்த்து அதன் பக்கத்தில் கிடந்தார்கள். உடம்பெல்லாம் அசுத்தம். "கழுவிக்கிடலாம்னு வந்தேன்ல, தண்ணியில்ல" என்றார்கள். நான் பார்த்துவிட்டேனே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். முறைப்படி மனுப்போட்டால் இணைப்புக்கு ஒரு வருடம் ஆகும். மறுநாள் குழாய் மாட்டுகிற ஒரு பிட்டரைப் பிடித்து வேலையை முடித்துவிட்டேன்.

உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் அன்றைக்கே அதை வெட்டச் சொல்லியிருப்பீர்கள். அம்மா கிடக்கிற நிலையிலும் சொல்லியிருப்பீர்கள். ஆபீஸுக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை அக்கா. உங்களுக்குத்தான் பயந்தேன். அம்மா போனபிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அப்போது கசிவு தொடங்கிவிட்டது, நீங்களும் மனு எழுதத் தொடங்கிவிட்டீர்கள்.

அப்பா பெயரைச் சொல்லச் சொன்னதற்கு எனக்குச் சமாதானம் இல்லை.

தேவபிரசாதம்


தூத்துக்குடி,
29-9-1946

தம்பிக்கு,

சுகம். பாய்களை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வகுப்பு நடக்கிறது.

அம்மா அடுக்களையில் கிடந்ததை இப்போதுதான் அறிகிறேன். அவர்களும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து என்னை அப்படி என்ன கல்லாக நினைத்திருந்தீர்கள்? நீ சொன்னதில் ஒன்று சரி. நான் வெட்டத்தான் சொல்லியிருப்பேன். வெட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, நானே குடம் சுமந்திருப்பேன். அம்மா சாகும்வரை இருந்த அந்த மூன்று மாதமும் அவர்களுக்குத் தண்ணீர் சுமக்கிற பாக்கியத்தை எனக்கு இல்லாமல் பண்ணிவிட்டாய். மற்றதையெல்லாம்விட இப்போது எனக்கு அதுதான் பெரிய கோபம். இரண்டு நாளாகக் குடத்தைத் தூக்கும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான்.

டிசம்பரில் பள்ளிக்கூடம் 20-ந் தேதி மூடுகிறது. ஜீவமணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. லீவு இல்லை என்று கார்டு போடாதே. அவளிடம் நான் நேரில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. உன்னிடம் நன்றாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. கோபம் தீரவில்லை. தீர்ந்தபின் வா என்று எழுதினால் நீ வரப்போவதில்லை. கோபம் இருக்கும்போதே வா.

அக்கா,
பிளாரன்ஸ்